பழைய காரின் பெட்ரோல் முள்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறியும் வழிமுறை

கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் என்னுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டு முறை இருமிவிட்டு நின்றபோது, அதன் பெட்ரோல் முள் கால் டேங்க்குக்குச் சற்று மேலே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. டேங்க்கில் ஒரு சொட்டு இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில், ஒரு பட்டறையில் டேங்க் யூனிட்டைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். இன்னொரு பட்டறையில் மீட்டரையே மாற்றிவிடுவதுதான் வழி என்று சொல்லியிருந்தார்கள். பிழை அவ்விரண்டிலும் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஒற்றைத் திருகாணியில் இருந்தது. அந்தத் திருகாணியை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

பெட்ரோல் மீட்டர் என்பது நான்கே உறுப்புகள் கொண்ட எளிய சுற்று: சாவி வழியாக வரும் மின்சாரம், டேஷ்போர்டில் உள்ள மீட்டர், அங்கிருந்து டிக்கி வரை ஓடும் ஒற்றை வயர், டேங்க்கில் மிதவையோடு பொருத்தப்பட்ட டேங்க் யூனிட். டேங்க் யூனிட்டுக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கிறது. மிதவையின் கை ஏறி இறங்கும்போது அந்தச் சுருளின் மேல் ஒரு தகடு உரசிச் செல்ல, மின்தடை கூடிக் குறைகிறது. சுற்று முடிவதோ டேங்க்கின் உடல் வழியாக வண்டியின் உடலில், அதாவது எர்த்தில். நாற்பது, ஐம்பது ஆண்டு வயதான வண்டியில் இந்த நான்கைவிட அதிகமாகப் பழுதடைவது ஐந்தாவதாகச் சொல்ல வேண்டிய எர்த்துதான். கடற்காற்று வீசும் திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ வண்டியை நிறுத்துபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீட்டர் எந்த வகை?

எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் ஒரே பிழை ஒரு வகை மீட்டரில் முள்ளைக் கீழே தள்ளும், மற்ற வகையில் மேலே ஏற்றும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்துப் பார்த்துத்தான் பலர் நல்ல மீட்டரைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

சாவியைப் போட்டுவிட்டு முள்ளை மட்டும் கவனியுங்கள். அது உடனே துள்ளி எழுந்து, வண்டி திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டேங்க்கில் பெட்ரோல் அலைவதற்கேற்ப ஆடினால், அது இரட்டைச் சுருள் மீட்டர். அறுபதுகளின் தொடக்கம் வரையிலான பிரிட்டிஷ் மரபு வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மாறாக, முள் தூங்கி எழுந்தவனைப்போல மெதுவாக ஏறி, அரை நிமிடமோ அதற்கு மேலோ கழித்து ஓரிடத்தில் நின்று, பிறகு எந்த வளைவிலும் அசையாமல் இருந்தால், அது வெப்பத்தில் வளையும் இரட்டை உலோகத் தகடு கொண்ட மீட்டர். பின்னாளில் வந்த வண்டிகளில் இதுவே வழக்கம். இதற்குத் துணையாக, மின்சாரத்தை ஒரே அளவாகத் தரும் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி ஒன்றும் இருக்கும்.

துள்ளும் வகையில் இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. டேங்க் யூனிட்டின் தடை குறைவாக இருந்தால் மின்சாரம் ‘நிறை’ பக்கச் சுருளைத் தவிர்த்துவிட்டு டேங்க் வழியாக எர்த்துக்கு ஓடிவிடும். முள் காலியைக் காட்டும். தடை கூடினால் இரண்டு சுருள்களிலும் மின்சாரம் ஓடி முள் மேலேறும். மெதுவாக ஏறும் வகையில் இது நேரெதிர்: தடை குறைந்தால் மின்சாரம் கூடும், தகடு சூடாகி வளையும், முள் ஏறும். ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் மீட்டர் நிறுவனத்தின் மரபைச் சேர்ந்த இவ்வகை மீட்டர்களில் டேங்க் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 240 ஓம், பாதியில் 68 ஓம், நிறைந்திருக்கும்போது 20 ஓமை ஒட்டி என்று தடை இருக்கும். ஆகவே டேங்க்கின் எர்த் துருப்பிடித்துத் தடை கூடினால், மெதுவாக ஏறும் மீட்டர் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் பெரிய தீங்கில்லை, பங்க்குக்கு முன்கூட்டியே போவீர்கள். துள்ளும் மீட்டரோ இருப்பதைவிட அதிகமாகக் காட்டி உங்களை நடுவழியில் நிறுத்திவிடும்.

சோதனைக்கு முன்

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், இரண்டு முனையிலும் முதலை கிளிப் வைத்த நீள வயர், உப்புத்தாள் இவை போதும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 22, 68, 240 ஓம் மின்தடைகளை இரண்டு வாட் அளவில் வாங்கி வைத்துக்கொண்டால் டேங்க்கைத் தொடாமலேயே மீட்டரைச் சோதிக்கலாம். விலை ஒரு காபிக்குள் அடங்கிவிடும். 240 கிடைக்காவிட்டால் 270 போதும்.

செய்யக் கூடாதவை மூன்று. மெதுவாக ஏறும் மீட்டருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுக்கக் கூடாது. அது ஏறக்குறைய 10 வோல்ட்டுக்கு அமைந்தது, உள்ளிருக்கும் வெப்பக் கம்பி கருகிவிடும். துள்ளும் மீட்டரில் டேங்க் வயர் வரும் முனைக்கு எந்த நிலையிலும் பேட்டரியின் மின்சாரத்தைத் தரக் கூடாது. டிக்கியில் வயரைக் கழற்றுவது, மாட்டுவது எதுவானாலும் சாவியை அணைத்துவிட்டே செய்ய வேண்டும். இணைப்பை முடித்துவிட்டு, முன்னால் வந்து சாவியைப் போட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். டேங்க் யூனிட்டையே வெளியே எடுக்கும் வேலையாக இருந்தால் பேட்டரி கேபிளையும் கழற்றிவிடுங்கள். சென்னையில் மே மாதத்துப் பிற்பகலில் பெட்ரோல் ஆவி டிக்கியை நிரப்ப அதிக நேரம் ஆகாது. விடியற்காலையில், திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய கார் ஷெட்டில் வேண்டாம்.

முள் எழுவதே இல்லை

முதலில் பக்கத்து உறுப்புகளைக் கேளுங்கள். பிரிட்டிஷ் மரபு வயரிங்கில் பெட்ரோல் மீட்டர், இண்டிகேட்டர், பிரேக் லைட் ஆகியவை பெரும்பாலும் ஒரே ஃபியூஸில் வரும் பச்சை வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. இவையும் வேலை செய்யவில்லை என்றால் மீட்டரை விட்டுவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் மூடியும் அதைப் பிடித்திருக்கும் தகடும் களிம்பேறி இருக்கலாம்; உருட்டிப் பார்த்தாலே சில நேரங்களில் முள் எழுந்துவிடும்.

ஃபியூஸ் சரியென்றால், மெதுவாக ஏறும் மீட்டர் உள்ள வண்டியில் டிக்கியில் டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்றி, 22 ஓம் தடை வழியாக வண்டியின் உடலில் சுத்தமான ஓரிடத்தில் இணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் மெல்ல ஏறி ‘எஃப்’ குறியை ஒட்டி நின்றால் மீட்டரும் வயரும் நலம். குற்றம் டேங்க் யூனிட்டில் அல்லது அதன் எர்த்தில். ஏறவில்லை என்றால் அதே சோதனையை மீட்டரின் பின்முனையில் செய்யுங்கள். அங்கே ஏறினால், இடையில் ஓடும் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அங்கும் ஏறவில்லை என்றால் மீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

துள்ளும் மீட்டரில் வயரைக் கழற்றினால் போதும். முள் ‘எஃப்’ பக்கம் தாவ வேண்டும். தாவினால், இதுவரை அதைக் கீழே பிடித்துவைத்திருந்தது டேங்க் யூனிட்டுக்குள் ஏற்பட்ட ஷார்ட், அல்லது மூழ்கிப்போன மிதவை. தாவவில்லை என்றால் இரண்டு வாய்ப்புகள். வயர் வழியில் எங்கேனும் உடலோடு உரசி எர்த் ஆகியிருக்கலாம். அல்லது மீட்டரின் கூடு எர்த்தை இழந்திருக்கலாம். இவ்வகை மீட்டரின் ‘நிறை’ பக்கச் சுருள் கூட்டின் வழியாகவே எர்த்தை அடைகிறது என்பதால், டேஷ்போர்டுக்குப் பெயின்ட் அடித்து மீட்டரைத் திரும்பப் பொருத்திய பிறகு முள் செத்துப்போகும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அழகாக இருக்கும். மின்சாரம் அதைத் தாண்டாது. மீட்டரின் கூட்டிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனி வயர் ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

வயர் அறுந்த இடத்தைத் தேடுவது சலிப்பான வேலை. பிரிட்டிஷ் மரபில் அது பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர். ஆனால் நம் ஊர் வண்டிகள் பலவற்றில் இரண்டு மூன்று முறையாவது வயரிங் மாற்றப்பட்டிருக்கும். கையில் கிடைத்த நிறம் ஓடியிருக்கும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். டிக்கிக்குள் வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது போயிருந்தால் தகரத்தின் விளிம்பு வயரை அறுத்திருக்கும்.

எப்போதும் நிறைந்தே காட்டுகிறது

மெதுவாக ஏறும் மீட்டரில் இதற்குக் காரணம், டேங்க் வயர் எங்கோ நேரடியாக எர்த் ஆகியிருப்பது. டிக்கியில் வயரைக் கழற்றுங்கள். முள் இறங்கினால் டேங்க் யூனிட்டில் ஷார்ட்; இறங்காவிட்டால் வயரில்.

துள்ளும் மீட்டரில் இதே அறிகுறிக்குப் பொருள் வேறு: வயர் அறுந்திருக்கிறது அல்லது டேங்க்குக்கு எர்த் இல்லை. சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட்டின் விளிம்பில் உள்ள திருகாணியிலிருந்து நீள வயரால் பேட்டரியின் எர்த் முனை வரை பாலம் போட்டு, பிறகு சாவியைப் போடுங்கள். முள் உண்மையைச் சொல்லத் தொடங்கினால் வேலை முடிந்தது. அந்தத் தற்காலிக வயருக்குப் பதிலாக, டேங்க் யூனிட்டின் திருகாணியிலிருந்து டிக்கியில் சுரண்டி வெளுத்த உலோகம் வரை நிரந்தரமாக ஒரு வயரைப் போட்டுவிடுங்கள்.

டேங்க்கை அண்மையில் கழற்றி மாட்டியிருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுவாகும். டேங்க்கைச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, புதிய ரப்பர் பேக்கிங்கும் அதன்மேல் பசையும் தடவி இறுக்கி மாட்டுவார்கள். ஒரு சொட்டு கசியாது, எர்த்தும் போகாது. பசை போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசை போட்டால் எர்த் வயரும் போடுங்கள்.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே தவறுகின்றன

மெதுவாக ஏறும் மீட்டர்கள் உள்ள வண்டியில் இதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை. இதைவிட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் வேறில்லை. பெட்ரோல் மீட்டருக்கும் இன்ஜின் சூட்டைக் காட்டும் வெப்ப மீட்டருக்கும் பொதுவாக உள்ள ஒரே உறுப்பு ஸ்டெபிலைசர். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தப் பெட்டிக்குள்ளும் வெப்பத்தில் வளையும் தகடு ஒன்று இருக்கிறது. அது சூடாகி வளைந்து தொடர்பைத் துண்டிக்கிறது. ஆறி மீண்டும் தொடுகிறது. இப்படி விட்டு விட்டுத் தருவதன் சராசரி ஏறக்குறைய 10 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை எட்டும் மின்சாரத்தைப் பேட்டரியின் நிலை எப்படி இருந்தாலும் மீட்டருக்கு ஒரே அளவாகக் கொடுப்பதுதான் அதன் பணி.

இரண்டு முட்களும் எழவே இல்லை என்றால் ஸ்டெபிலைசரின் தொடர்பு துண்டிக்கப்பட்டு நின்றுவிட்டது அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. இரண்டும் இருக்க வேண்டியதைவிட உயரமாக நின்றால், தகடு விலகாமல் ஒட்டிக்கொண்டு முழு மின்சாரத்தையும் விட்டுக்கொண்டிருக்கிறது. இப்படி ஒட்டிக்கொள்வதற்குத் தகடு கெட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தகட்டைச் சூடாக்கும் கம்பி, பெட்டியின் உலோகக் கூட்டையும் அதைப் பிடித்திருக்கும் திருகாணியையும் வழியாகக் கொண்டே எர்த்தை அடைகிறது. அந்தத் திருகாணி துருப்பிடித்தால் கம்பி சூடாகாது. சூடாகாவிட்டால் தகடு வளையாது. வளையாவிட்டால் தொடர்பு துண்டிக்காது.

என் ஹெரால்டில் நடந்தது இதுதான். காலி டேங்க்கில் கால் பங்கு காட்டிய அதே வாரங்களில் வெப்ப முள்ளும் சிவப்பை நெருங்கி நின்றது. அதைக் கண்டு பயந்து, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன். முள் இறங்கவில்லை. பெட்ரோல் முள்ளுக்கு ஒரு வைத்தியம், வெப்ப முள்ளுக்கு ஒரு வைத்தியம் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இரண்டும் ஒரே நாளில்தான் தொடங்கின என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. மேம்பாலத்தில் நின்ற அன்று இரவு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தபோது, ஸ்டெபிலைசரைப் பிடித்திருந்த திருகாணியின் தலை செம்மண் நிறத்தில் பொரிந்திருந்தது. திருப்புளியை வைத்துத் திருப்பியதும் பொடியாக முகத்தில் உதிர்ந்தது. உப்புத்தாளால் கூட்டையும் தகட்டையும் தேய்த்து, புதிய திருகாணி போட்டுச் சாவியைத் திருப்பினேன். சற்று நேரம் கழித்தும் பெட்ரோல் முள் ‘இ’ குறியை ஒட்டியே நின்றது. ரேடியேட்டருக்குச் செலவழித்த பணத்தை நினைத்து அங்கேயே சிறிது நேரம் படுத்திருந்தேன்.

ஸ்டெபிலைசரைச் சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் அவ்வளவாக உதவாது. எண்கள் பூஜ்யத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பே அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று கொள்ளலாம். இளம்பச்சை வயர் வெளியேறும் முனையில் டெஸ்ட் லேம்ப்பைப் பிடித்தால் விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். சாவியைப் போட்டுச் சில நிமிடங்கள் ஆகியும் தொடர்ந்து எரிந்தால், முதலில் எர்த்தைச் சரிசெய்து மீண்டும் பாருங்கள். அப்போதும் நிற்காமல் எரிந்தால்தான் ஸ்டெபிலைசரை மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்குப் பழைய வகையே கிடைக்காவிட்டால், ரிச்சி தெருவில் கிடைக்கும் 7810 என்ற, 10 வோல்ட் தரும் மூன்று கால் ரெகுலேட்டரைப் பழைய கூட்டுக்குள்ளேயே பொருத்திக்கொள்பவர்கள் உண்டு. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது நெகட்டிவ் எர்த் வண்டிக்கானது. பழைய தகடு எந்தத் திசையில் மின்சாரம் வந்தாலும் கவலைப்படாது, ரெகுலேட்டர் கவலைப்படும். அறுபதுகளின் பிரிட்டிஷ் மரபு வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த்தோடு வந்தவை. அவற்றில் சில இன்றும் மாற்றப்படாமல் அப்படியே ஓடுகின்றன. பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்க்காமல் 7810 ஐப் பொருத்தாதீர்கள்.

இரண்டு முட்களில் ஒன்று மட்டும் தவறினால் ஸ்டெபிலைசர் குற்றமற்றது. அப்போது ஒரு குறுக்குவழி உண்டு: பெட்ரோல் டேங்க்கிலிருந்து வரும் வயரைச் சற்று நேரத்துக்கு வெப்ப மீட்டரின் முனையில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே வகை மீட்டர் என்றால், வெப்ப மீட்டரின் முள் எழுந்து நிற்கும்போது பெட்ரோல் மீட்டர்தான் கெட்டது என்று உறுதியாகிவிடும்.

விளக்கு போட்டால் மாறுகிறது, மழை பெய்தால் மாறுகிறது

இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் அதே தாளத்தில் துடிக்கிறது என்றால், டிக்கியில் பின்விளக்கும் டேங்க்கும் ஒரே மோசமான எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹெட்லைட்டோ டேஷ்போர்டு விளக்கோ போடும்போது முள் நகர்ந்தால் டேஷ்போர்டின் எர்த்தை முதலில் பாருங்கள்.

மழைநாளில் மட்டும் கெட்டு, வெயில் வந்ததும் சரியாகும் முள் டிக்கியின் ரப்பர் போயிருப்பதைச் சொல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இந்தத் தொல்லை ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டுகிறது. வயரின் முனையைப் பார்த்தால் வெளியே பளபளப்பாக இருக்கும், உறையை இரண்டு அங்குலம் சீவினால் உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பேறிக் கறுத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய முடியாது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது வயரை ஒட்டுப் போட வேண்டும்.

ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது, திடீரென்று விழுகிறது

முக்கால் டேங்க்கில் நூறு கிலோமீட்டர் நின்றுவிட்டுத் திடீரென்று காலுக்கு இறங்கும் முள் டேங்க் யூனிட்டின் குற்றம். மிதவையின் கை டேங்க்கின் உட்சுவரிலோ உள்ளிருக்கும் தடுப்புத் தகட்டிலோ சிக்குகிறது. அல்லது கம்பிச்சுருள் ஒரு பகுதியில் தேய்ந்து அறுந்திருக்கிறது. யூனிட்டைக் கழற்றாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

கழற்றும் முன், டேங்க் யூனிட் டேங்க்கின் பக்கவாட்டில் இருந்தால் பெட்ரோலை அந்த மட்டத்துக்குக் கீழே வடித்துவிடுங்கள். வளையப் பூட்டு வைத்த வகையில் அதை இரும்பு உளியாலும் சுத்தியாலும் தட்டித் திருப்பாதீர்கள், பொறி பறக்கும். மரக்கட்டையையோ பித்தளைத் துண்டையோ வைத்துத் தட்டுங்கள். வெளியே எடுத்ததும், கை எந்தத் திசையில் வளைந்திருந்தது என்பதை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அரை வட்டம் தவறிப்போனால் மிதவை சுவரில் இடிக்கும்.

யூனிட்டை டேங்க்கிலிருந்து தள்ளி எடுத்துச் சென்று, ஆவி போன பிறகு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை வயர் மாட்டும் இடத்திலும் மறுமுனையை யூனிட்டின் உடலிலும் பிடித்துக்கொண்டு, கையைக் கீழிருந்து மேலாக மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் படிப்படியாக மாற வேண்டும். எங்காவது திடீரென்று எல்லையில்லாத் தடை காட்டினால் அங்கே சுருள் அறுந்திருக்கிறது. களிம்புதான் காரணம் என்றால் காண்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். உப்புத்தாளை இங்கே கொண்டுவராதீர்கள். தலைமுடி அளவுள்ள கம்பியை அது அறுத்துவிடும்.

துள்ளும் மீட்டர் உள்ள வண்டியில் முள் சற்று ஆடுவது இயல்பே. அடையாறு பாலத்து வளைவில் அது ஆடுகிறது என்பதற்காக யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

பெட்ரோல் போட்டும் முள் நிறையவில்லை

டேங்க் நிரம்பியும் முள் முக்காலில் நின்றால் அல்லது போகப் போகக் குறைந்துகொண்டே வந்தால் மிதவை கனத்துப்போயிருக்கிறது. பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலவென்று ஒலித்தால் பெட்ரோல் புகுந்துவிட்டது. ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை வெளியே எடுத்துவந்து மிதவையை அதில் அழுத்திப் பிடித்தால், ஈயப் பற்று விட்ட இடத்திலிருந்து மணிமணியாகக் குமிழி வரும். அந்த இடத்தில் உடனே சால்டரிங் செய்ய எண்ணாதீர்கள். உள்ளிருக்கும் ஆவி வெடிக்கும். பெட்ரோலை முழுவதும் வெளியேற்றி, பல நாள் வெயிலில் உலர்த்தி, குலுக்கினால் ஒலியும் மோந்தால் வாடையும் இல்லை என்று உறுதியான பிறகே, அந்த வேலை தெரிந்த ரேடியேட்டர் கடைக்காரரிடம் கொடுங்கள். பெட்ரோல் தாங்கும் புதிய மிதவை அதே அளவில் கிடைத்தால் அதைப் போடுவதே நல்லது.

தக்கை மிதவை உள்ள இன்னும் பழைய வண்டிகளுக்கு வேறொரு கவலை வந்திருக்கிறது. தக்கை பெட்ரோலை உறிஞ்சாமலிருக்க அதன்மேல் அரக்கு வார்னிஷ் பூசுவது அந்தக் கால வழக்கம். மர வேலை செய்பவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 2023 முதல் பங்க்குகளில் வரத் தொடங்கிய இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அதாவது அதே ஸ்பிரிட். அரக்கு கரைந்துபோக, தக்கை ஊறிக் கனத்து, முள் வாராவாரம் சிறிது சிறிதாக இறங்குகிறது. கரைந்த அரக்கு ஃபில்டரிலும் கார்புரேட்டரிலும் போய் அமர்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியின் டேங்க்கில் துருவும் சேரும். தக்கையை மீண்டும் அரக்கு பூசிக் காப்பாற்ற முயல்வது வீண் வேலை.

மிதவை நலமாக இருந்தும் அளவு சற்றுத் தவறினால், மிதவையின் கையை மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். மெதுவாக ஏறும் ஸ்மித்ஸ் வகை மீட்டர்கள் சிலவற்றின் பின்புறம் தக்கையால் அடைத்த இரண்டு சிறு துளைகள் இருக்கும். உள்ளே முள்ளின் தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்தும் பற்கள் உண்டு. எர்த், ஸ்டெபிலைசர், மிதவை மூன்றும் சரியென்று உறுதியாகும் முன் அவற்றைத் தொட்டால், ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்தவர் ஆவீர்கள். பின்னாளில் எர்த்தைச் சரிசெய்யும் இன்னொருவர் உங்களைத் திட்டுவார்.

தலைகீழாகக் காட்டுகிறது

பெட்ரோல் போடப் போட முள் இறங்கினால் மீட்டர் ஒரு வகை, டேங்க் யூனிட் மறு வகை. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் துளைகள் பொருந்துகிறதே என்று வாங்கிய யூனிட்டாக இருக்கும். ஆறு துளையும் கச்சிதமாகப் பொருந்தும், தடை பொருந்தாது. வாங்கப் போகும்போது மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடை வாசலிலேயே கையை ஏற்றி இறக்கி இரண்டு முனை எண்களையும் படித்துவிடலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. குறைந்த பெட்ரோலுக்கு எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டியில் யூனிட்டுக்கு இரண்டு வயர்கள் வரும். ஒன்று முள்ளுக்கு, மற்றொன்று விளக்குக்கு. இவற்றை மாற்றி மாட்டினாலும் முள் புத்தி பேதலித்தாற்போல நடந்துகொள்ளும்; யூனிட்டைப் பழிக்கும் முன் அதையும் பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டேங்க் ஏறக்குறைய வற்றிய நிலையில், சமதளமான பங்க் ஒன்றில், கூட்டமில்லாத நேரத்தில், ஐந்து ஐந்து லிட்டராகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஐந்து லிட்டருக்கும் பிறகு சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஏறும் மீட்டருக்கு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பங்க் ஊழியர் முதல் இரண்டு முறை சிரிப்பார், மூன்றாவது முறை அவரே வந்து கண்ணாடி வழியாக முள்ளை எட்டிப் பார்ப்பார். என் ஹெரால்டில் முதல் ஐந்து லிட்டருக்கு முள் ‘இ’ குறியை விட்டு அசையவே இல்லை. நடுவில் வேகமாக ஏறி, கடைசியில் மீண்டும் சோம்பியது. அந்தச் சீட்டை சன் வைசரின் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.